பாட்டி வாங்கிக் கொடுத்த கிட்டார்: ஜப்பானின் 'விஷுவல் கெய்' நாயகன் ஹிடே யார்?

1998 மே 7. டோக்கியோவின் சுகிஜி பகுதியில் உள்ள ஹோங்கான்-ஜி புத்தர் கோயில். அதைச் சுற்றிய தெருக்களில் சுமார் 50 ஆயிரம் பேர் நின்றார்கள். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயசு. சிலருக்குப் பளீர் பிங்க் நிறத் தலைமுடி. உள்ளே இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. இறந்தவர் அரசியல்வாதியும் இல்லை, சினிமா நடிகரும் இல்லை. 33 வயது கிட்டார் கலைஞர்.

(இந்தக் கோயிலின் படத்தைப் பார்த்தால் ஏதோ நம்ம ஊர்க் கட்டடம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். காரணம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் இதோ சூதா பழைய இந்திய பௌத்தக் கட்டடங்களைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தார். 1934-ல் கட்டி முடித்தார்கள்.)

அந்த கிட்டார் கலைஞரின் பெயர் ஹிடேதோ மட்சுமோதோ. ஜப்பானே அவரை 'ஹிடே' என்றுதான் கூப்பிட்டது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து 'ஹைட்' என்று படித்துவிடாதீர்கள், ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள்! அனிமே பாடல்கள் வழியாக ஜப்பானிய ராக் இசைக்குள் நுழைகிற பலரும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்கும் பெயர் இது.

கப்பற்படை ஊரில் ஒரு குண்டுப் பையன்

ஹிடே பிறந்தது 1964 டிசம்பர் 13. ஊர் யோகோசுகா. டோக்கியோவுக்குத் தெற்கே உள்ள துறைமுக நகரம் இது. அமெரிக்கக் கப்பற்படையின் பெரிய தளம் இங்கே இருக்கிறது. அதனால் மற்ற ஜப்பானிய ஊர்களில் தேடி அலைய வேண்டிய அமெரிக்க இசையும் உடைகளும் இந்த ஊர்க் கடைத்தெருவிலேயே கண்ணில் படும்.

சின்ன வயசில் ஹிடே ரொம்ப குண்டு. கூச்ச சுபாவம் வேறு. 15 வயசு வாக்கில் நண்பர் ஒருவர் மூலம் 'கிஸ்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'அலைவ்!' ஆல்பம் அவர் காதுக்கு வந்தது. முகம் முழுக்க வெள்ளை, கறுப்பு சாயம் பூசிக்கொண்டு, நெருப்பு கக்கி கிட்டார் வாசிக்கிற ஆட்கள். பையன் அப்படியே விழுந்துவிட்டான்.

இங்கேதான் பாட்டி வருகிறார். பேரனுக்கு முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஏதோ ஒரு மலிவு கிட்டார் என்று நினைக்காதீர்கள். கிப்சன் நிறுவனத்தின் 'லெஸ் பால் டீலக்ஸ்'. இன்றைக்கும் விலையைக் கேட்டால் ஐடி ஊழியரே கொஞ்சம் யோசிப்பார். பழகிப் பார்க்க ஒன்று, நன்றாக வந்தால் நல்லதாக ஒன்று என்பதுதான் எந்த வீட்டிலும் கணக்கு. இந்த வீட்டில் முதலிலேயே நல்லது வந்துவிட்டது. ஒரு தலைமுறை தாண்டி, தனக்குச் சம்பந்தமே இல்லாத இசைக்காக ஒருவர் போட்ட முதலீடு அது.

உயர்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது கையில் கிடைத்தது கிளாரினெட். அது ஒத்துவரவில்லை. 1981-ல் 'சேபர் டைகர்' என்று சொந்தக் குழு ஆரம்பித்தார். வடக்கே ஹொக்கைடோவில் அதே பெயரில் இன்னொரு குழு இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி 'சேவர் டைகர்' ஆக்கிவிட்டார்கள். யோகோசுகாவின் சின்னச் சின்ன அரங்குகளில் பெயர் வாங்கி, டோக்கியோ மேடைகள் வரை போனார்கள்.

இன்னொரு பக்கம் ஹிடே அழகுக்கலைப் பள்ளியில் படித்து, முறையாக உரிமமும் வாங்கினார். முடி வெட்டவும் சாயம் போடவும் ஒப்பனை செய்யவும் பயிற்சி பெற்றவர். 1987 ஜனவரியில் சேவர் டைகர் கலைந்தபோது, இசை போதும், சலூன் வேலையே பார்த்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார். அப்போதுதான் யோஷிகியிடமிருந்து அழைப்பு வந்தது.

எக்ஸ்: காதுக்கு முன்னால் கண்

யோஷிகியும் தோஷியும் சிபா மாகாணத்தின் ததேயாமா ஊரைச் சேர்ந்த பால்ய நண்பர்கள். யோஷிகி டிரம்ஸ், பியானோ. தோஷி பாட்டு. அவர்களின் குழுவுக்குப் பெயர் வெறும் 'எக்ஸ்'. அதில் இன்னொரு கிட்டார் கலைஞர் பாதா, பாஸ் கிட்டார் தைஜி. ஹிடேயும் இந்த வரிசையில் சேர்ந்தார்.

அந்தக் காலப் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரலாம், மிரளவும் செய்யலாம். ஒரு அடி உயரத்துக்கு நட்டுக்கொண்டு நிற்கும் முடி, கண்ணைச் சுற்றி மை, லிப்ஸ்டிக், சங்கிலி, லேஸ் துணி. 1989 ஏப்ரலில் வந்த 'ப்ளூ ப்ளட்' ஆல்பத்தின் அட்டையில் 'விஷுவல் ஷாக்' என்ற சொற்கள் அடங்கிய ஒரு முழக்கம் இருந்தது. அந்தச் சொற்களிலிருந்துதான் 'விஷுவல் கெய்' என்ற பெயர் பிறந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஜப்பானிய மொழியில் 'கெய்' என்றால் பாணி, வகை.

இது ஒரு இசை வகை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு விஷுவல் கெய் குழு ஹெவி மெட்டல் வாசிக்கலாம், மெல்லிய பாப் வாசிக்கலாம், பங்க் வாசிக்கலாம். பார்த்த மாத்திரத்தில் கண்ணைப் பிடித்து நிறுத்துகிற தோற்றம்தான் பொதுவான அம்சம். ஆண்கள் பெண் ஒப்பனையில் மேடையேறுவது ஜப்பானுக்குப் புதிதும் இல்லை. கபுகி நாடகத்தில் பல நூறு வருடங்களாக நடப்பதுதான். ஆனால் 1980களின் அப்பா அம்மாக்களுக்கு அந்த வாதமெல்லாம் எடுபடவில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாத போஸ்டர்கள் பிள்ளைகளின் அறைச் சுவரில் ஏறியபோது எந்த வீட்டில்தான் சண்டை வராமல் இருக்கும்?

பின்னாளில் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. எக்ஸ் குழுவின் 'ஃபாரெவர் லவ்' பாடலை 2001-ல் ஆளும் கட்சியே தன் விளம்பரத்தில் பயன்படுத்தியது. அப்போதைய பிரதமர் ஜூனிசிரோ கொய்சுமி இந்தக் குழுவின் ரசிகர். பிறந்தது 1942-ல், சொந்த ஊர் அதே யோகோசுகா! பிள்ளைகள் வயசுக் குழுவைப் பிரதமரே ரசித்தார்.

அது சரி, பாஸ் கிட்டார் எதுக்கு?

ஹிடேயின் கதையில் பாஸ் கிட்டாருக்கு ஒரு பத்தி போதாது. வழக்கமான கிட்டாருக்கு ஆறு கம்பி, பாஸுக்கு நான்கு. நீளமும் கனமும் அதிகம். கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு சுமார் 82 முறை அதிரும் என்றால், பாஸின் தாழ்ந்த கம்பி அதில் பாதி, சுமார் 41 முறைதான் அதிரும். செல்போன் ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஒழுங்காகத் தர முடியாது. எக்ஸ் பாட்டை போனில் அப்படியே போட்டுவிட்டு, வெறும் இரைச்சலாக இருக்கிறதே என்று சொல்பவர்கள் பாதிப் பாட்டைக் கேட்கவே இல்லை. இயர்போன் மாட்டிக் கேளுங்கள்.

டிரம்ஸின் தாளத்தையும் கிட்டாரின் மெட்டையும் ஒட்டவைக்கிற வேலை பாஸுடையது. யோஷிகி டிரம்ஸில் அசுர வேகம். மேலே ஹிடேயும் பாதாவும் ஜோடியாக கிட்டார் வாசிப்பார்கள். நடுவில் ஒருவர் தடுமாறினாலும் மொத்தமும் சரிந்துவிடும். தைஜி தடுமாறவில்லை. கட்டைவிரலால் கம்பியை அறையும் 'ஸ்லாப்' பாணியும் அவருக்குக் கைவந்தது. 'ஜெலசி' ஆல்பத்தில் (1991) வரும் 'வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங்' அவர் மெட்டமைத்த பாடல். சத்தக் குழுவின் பாஸ்காரர் போட்ட அமைதியான அக்கூஸ்டிக் கிட்டார் பாட்டு.

1992 ஜனவரியில் டோக்கியோ டோம் அரங்கில் தொடர்ந்து மூன்று இரவுகள் கச்சேரி. அதோடு தைஜி குழுவை விட்டுப் போனார். சில காலம் வீடில்லாமல் தெருவில் வாழும் நிலைமைக்கும் அவர் தள்ளப்பட்டார். அவர் இடத்தில் ஹீத் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் செய்தியாளர்களைச் சந்தித்து, குழுவின் பெயர் இனி 'எக்ஸ் ஜப்பான்' என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே 'எக்ஸ்' என்று ஒரு குழு இருந்தது.

யாரையெல்லாம் கூட வைத்துக்கொண்டார்?

ஹிடேயின் ரசனை எவ்வளவு அகலமானது என்பதை அவர் கூட வாசித்த பாஸ்காரர்களை வைத்தே சொல்லிவிடலாம். 1993-ல் 'லூனா சீ' குழுவின் ஜே, இனோரன் இருவரோடு சேர்ந்து ஒரு பாடல் செய்தார். ஜே பாஸ் கலைஞர். லூனா சீ பிரபலமாவதற்கு முன்பே கண்டுபிடித்து யோஷிகியிடம் அறிமுகப்படுத்தியதும் ஹிடேதான். 1994-ல் வந்த முதல் தனி ஆல்பமான 'ஹிடே யுவர் ஃபேஸ்'-க்கு அமெரிக்க ஃபங்க் இசையில் ஊறிய டி.எம். ஸ்டீவன்ஸை அழைத்தார். மேடைக் குழுவில் சிரோலின். வெளிநாட்டுக் கலைஞர்களோடு ஆரம்பித்த 'ஸில்ச்' குழுவில், பிரிட்டனின் 'கில்லிங் ஜோக்' குழுவில் இருந்த பால் ரேவன். மெட்டல், ஃபங்க், பங்க், இண்டஸ்ட்ரியல் என்று ஆளுக்கொரு உலகம். அத்தனையும் ஒரே ஆளின் பாட்டுக்குள் வந்து சேர்ந்தன.

ஐ.என்.ஏ. என்று அழைக்கப்படும் இசைத் தயாரிப்பாளர் ஒருவரும் கூடவே இருந்தார். கம்ப்யூட்டரில் ஒலிகளை அடுக்குவது இவர் வேலை. 1996-ல் வந்த 'சையன்ஸ்' ஆல்பத்தைக் கேட்டால், 'எக்ஸ் ஜப்பான்' பாணியிலிருந்து ஹிடே எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டார் என்று புரியும். சோகக் காவியம் போய், குறும்பும் கிறுக்குத்தனமும் கலந்த கலர் கலரான இசை. அதே வருடம் 'லெமன்ட்' என்ற சொந்த லேபிள் தொடங்கி, 'செப்பெட் ஸ்டோர்' மாதிரியான புதுக் குழுக்களைத் தூக்கிவிட்டார்.

மேடையில் அவ்வளவு ஆட்டம் போட்ட மனிதரின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1995 கடைசியில், அரிய மரபணு நோயால் பாதிக்கப்பட்ட ஒரு பள்ளி மாணவி அவரைச் சந்திக்க ஆசைப்பட்டார். சந்திப்போடு ஹிடே நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த நட்பு தொடர்ந்தது. எலும்பு மஜ்ஜை கொடையாளராக அவரே பதிவு செய்துகொண்டார்.

1998 மே 2

1997 செப்டம்பரில் எக்ஸ் ஜப்பான் கலைவதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 31 டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரி. ஹிடே துவண்டு போகவில்லை. 'ஹிடே வித் ஸ்ப்ரெட் பீவர்' என்ற பெயரில் புது அணி. ஜனவரியிலேயே 'ராக்கெட் டைவ்' பாடல் வெளியானது. அடுத்தடுத்த பாடல்கள் தயார். சுற்றுப்பயணத் திட்டமும் தயார்.

மே 2 காலை, இரவு முழுக்கக் குடித்துவிட்டு வீடு திரும்பிய சில மணி நேரத்தில் டோக்கியோ வீட்டில் ஹிடே இறந்தார். தற்கொலை என்று அதிகாரிகள் சொன்னார்கள். யோஷிகி உட்பட நெருங்கியவர்கள் அதை ஏற்கவில்லை. வருடக்கணக்கில் கிட்டாரைத் தோளில் சுமந்ததால் வந்த கழுத்து வலிக்கு ஹிடே செய்துவந்த பயிற்சியின்போது, போதையில் நேர்ந்த விபத்து என்பது அவர்கள் தரப்பு. கடிதம் எதுவும் இல்லை. அடுத்த மாதங்களுக்குப் போட்டுவைத்த வேலைகளோ ஏராளம். எனக்கும் விபத்து என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இது தீராத கேள்வி.

செய்தி கேட்டு ரசிகர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த எக்ஸ் உறுப்பினர்கள் செய்தியாளர்கள் முன் வந்து, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை.

தம்பியின் தலையில் விழுந்த வேலை

ஹிடேயின் மேலாளராக இருந்தவர் சொந்தத் தம்பி ஹிரோஷி மட்சுமோதோ. அண்ணன் போன துக்கத்தோடு, அண்ணன் பாதியில் விட்ட வேலையையும் முடித்தாக வேண்டும். இறந்து 11 நாளில் 'பிங்க் ஸ்பைடர்' வெளியானது, தரவரிசையில் முதலிடம். பாதிப் பாடல்கள் மட்டுமே முழுமையாக இருந்த 'ஜா, ஸூ' ஆல்பத்தை ஐ.என்.ஏ.வும் குழுவினரும் சேர்த்து முடித்தார்கள், நவம்பரில் வந்தது. திட்டமிட்டிருந்த சுற்றுப்பயணமும் நடந்தது. நடுவில் நிற்க வேண்டிய ஆள் மட்டும் இல்லை. அவர் குரலைப் பதிவிலிருந்து ஓடவிட்டு மற்றவர்கள் வாசித்தார்கள். இந்த நாட்களைப் பற்றி ஹிரோஷி எழுதிய புத்தகம் 2022-ல் 'டெல் மீ' என்ற பெயரில் சினிமாவாகவும் வந்தது.

2000-ல் யோகோசுகாவில் ஹிடே அருங்காட்சியகம் திறந்தார்கள். 2005 வரை இயங்கியது. 2014-ல் இன்னொரு முயற்சி. முடிக்கப்படாத 'கோ கேல்' பாட்டுக்கு யமஹாவின் வோக்கலாய்டு தொழில்நுட்பத்தில் ஹிடேயின் பழைய பதிவுகளிலிருந்து குரலை உருவாக்கினார்கள். ஏஐ குரல்கள் வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆவதற்கு எத்தனையோ வருடம் முன்னால்!

தைஜி 2010-ல் பழைய நண்பர்களோடு மேடையேறினார். அடுத்த ஆண்டே இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஹீத்தும் 2023-ல் புற்றுநோயால் காலமானார். மஞ்சள் உடம்பில் இதயங்கள் வரைந்த ஹிடேயின் பிரபலமான 'மாக்கிங்பேர்டு' வடிவ கிட்டாரைத் தயாரித்த ஃபெர்னாண்டஸ் நிறுவனம் 2024-ல் திவாலானது.

ஹிடேயின் கல்லறை, யோகோசுகாவுக்கு அடுத்திருக்கும் மியூராவில் இருக்கிறது. ஒவ்வொரு மே 2-ம் தேதியும் அங்கே பூங்கொத்தோடு ரசிகர்கள் வருகிறார்கள். அவர் இறந்தபோது பிறந்தே இராதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். சிலர் வருவது அம்மாவோடு.