வான்கெலின் சுழல் எந்திரம்

வீதியிலே செல்லும் மோட்டார் வண்டியின் எந்திரத்தை நம்மில் எத்தனை பேர் உற்று நோக்கியிருக்கிறோம்? உருளைக்குள்ளே பிஸ்டன் மேலே ஏறுகிறது, ஒரு கணம் நிற்கிறது, கீழே இறங்குகிறது. நமக்கு வேண்டியதோ சக்கரம் சுழல்வது. அவ்வாறாயின் முதலிலிருந்தே சுழலும் எந்திரமொன்றைச் செய்தாலென்ன? இக்கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் ஜேர்மனியரான பீலிக்ஸ் வான்கெல்.

அவர் 1902 இல் லார் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் முதலாம் உலகப் போரின் தொடக்கத்திலேயே மாண்டார். வான்கெல் பல்கலைக்கழகப் படி ஏறியவரல்லர். ஹைடல்பேர்க் நகரில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தபடியே பொறியியலைத் தாமே கற்றார். கிட்டப்பார்வை மிகுந்தவராதலால் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

ஒன்றை மறைத்தல் தகாது. இளமையில் அவர் நாட்சிக் கட்சியிற் சேர்ந்தவர். 1933 இல் உட்கட்சிப் பகையாற் சிறையிருந்தார்; எனினும் பின்னர் அவ்வரசின் விமான எந்திரங்களுக்காகவே உழைத்தார். விலங்குகளைச் சோதனைக்கு வதைத்தலாகாதென்று பிற்காலத்தில் வாதாடியவரும் இவரே. மனித உள்ளத்தின் கோணல்களை என்னென்பது!

1951 இல் என்.எஸ்.யு. என்னும் கம்பனி அவருடன் ஒப்பந்தஞ் செய்தது. 1957 பெப்ரவரியில் அவரது எந்திரம் முதன்முதலாக ஓடியது. அதிலே உள்ளுறுப்பும் சுழலும், அதைச் சூழ்ந்த கூடும் சுழலும். அழகிய கருத்துத்தான்; ஆனால் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்கே எந்திரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது! கம்பனிப் பொறியியலாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை அசையாது நிறுத்தி, முக்கோண உறுப்பு மட்டும் உள்ளே சுற்றிவருமாறு அமைத்தார். தம் பந்தயக் குதிரையை உழவுக் குதிரையாக்கிவிட்டார்களென்று வான்கெல் மனம் நொந்தார். உலகம் வான்கெல் எந்திரமென அழைப்பதோ அவர் விரும்பாத இவ்வுழவுக் குதிரையையே.

இதில் வால்வுகள் இல்லை, அதிர்வு மிகக் குறைவு, பாரமும் சிறிது. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் வாயு கசியாதபடி மெல்லிய அடைப்புத் துண்டுகள் வேண்டும். அவை கூட்டின் சுவரில் ஓயாது உராய்ந்து தேய்ந்தன. எரியறை நீண்டு தட்டையாயிருந்தமையாற் பெற்றோல் முற்றாக எரியாது வீணாயிற்று. பல ஆண்டுகளாகக் கசிவடைப்பையே ஆராய்ந்த அறிஞருக்கு அந்த அடைப்பே இடறுகல்லானது எத்துணை வியப்பு!

1967 இல் வந்த ரோ 80 என்னும் கார் அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த காரென விருது பெற்றது. பழுதான எந்திரங்களை உத்தரவாதப்படி மாற்றிக் கொடுத்தே கம்பனி நொந்தது. 1969 இல் அது வொல்க்ஸ்வாகனின் கைக்குட் போயிற்று. அவ்வாண்டே மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வான்கெலுக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. நிறுவனம் வீழ்ந்தது, மனிதர் உயர்ந்தார்.

ஜப்பானின் மஸ்டா கம்பனியில் கெனிச்சி யமமோட்டோவும் அவர்தம் குழுவினரும் அடைப்புத் துண்டுகளை அலுமினியம் கலந்த கரியினாற் செய்து சுவரின் கீறல்களைத் தடுத்தனர். ஆயினும் 1973 இன் எண்ணெய் நெருக்கடி, பெற்றோல் அதிகம் குடிக்கும் அவ்வெந்திரத்தைப் பெரிதும் தாக்கியது.

வான்கெல் 1988 இற் காலமானார். மூன்றாண்டு கழித்து, பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மஸ்டாவின் சுழல் எந்திரக் கார் முதலாவதாக வந்தது. 2023 இல் அக்கம்பனி அதனை மீண்டும் ஒரு காரிற் பொருத்தியது. சக்கரத்தைச் சுழற்றுவதற்கன்று, மின்கலத்துக்கு மின்னூட்டுவதற்கு.