படைப்பில் படைத்தவரைத் தேடியவர்



1803இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த ரால்ப் வால்டோ எமர்சன், 1829இல் தாமும் போதகரானார். ஈராண்டுகளுக்குள் இளம் மனைவி எலன் காசநோயால் மரித்தார். திருவிருந்துச் சடங்கைத் தம் மனச்சான்றுக்கு மாறாக நடத்த விரும்பாத எமர்சன், 1832இல் பணியைத் துறந்தார். மறு ஆண்டு, பாரிஸ் தாவரவியல் பூங்காவில் உயிரினங்களுக்கிடையே நிலவும் ஒழுங்கைக் கண்டு வியந்தார். 1836இல் வெளியிட்ட 'இயற்கை' என்னும் சிறு நூலில், காட்டின் தனிமையில் மனிதன் இறைவனை நேரடியாக உணர முடியும் என்றார். அழகிய நிலக்காட்சியும் துயருற்றவனுக்கு ஒளியிழந்தே தோன்றும் என்பதையும் அந்நூலில் அவர் மறைக்கவில்லை.

1842இல் ஐந்து வயது மகன் வால்டோவைக் காய்ச்சல் பறித்தது. அப்போது இயற்கை அவருக்கு எளிதில் ஆறுதல் தரவில்லை. ஆயினும் தேடலை அவர் கைவிடவில்லை. 1882இல் கொன்கோட் ஊரில் கண்மூடும்வரை, அங்குள்ள காடுகளையும் குளக்கரையையும் நேசித்தார்.

நற்கருணையில் ஆண்டவரை ஆராதிக்கும் நாம் அவரோடு முற்றிலும் உடன்பட இயலாது. படைப்பைப் படைத்தவராகவும் நாம் கொள்வதில்லை. எனினும், பீடத்தில் நாம் ஒப்புக்கொடுக்கும் அப்பமும் இரசமும் மண்ணின் விளைச்சலே. அம்மண்ணை மாசுபடுத்தும் கரங்களோடு பீடத்தை அணுகுவது தகுமா? இவ்வாரம் சிந்திப்போம்.