வேலை கேட்டு விழுப்புரம் வழியாகப் போன ராமானுஜன்: 24-க்கு ‘நேர்மாறு’ சொல்லும் கதை

1910-ல் கும்பகோணத்தில் ரயிலேறிய ஓர் இளைஞர், விழுப்புரத்தில் வண்டி மாறி திருக்கோவிலூர் போனார். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கல்யாணமும் ஆகிவிட்டது, வேலை இல்லை. கையில் இருந்தது கணக்கு நோட்டு மட்டும்தான். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் இவரே. ராமானுஜன் அவரிடம் கேட்டது ஒரு கிளார்க் வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர் அந்த வேலையைத் தரவில்லை. ரெவின்யூ ஆபீஸ் மேஜையில் இந்தத் திறமை வீணாகிவிடும் என்று நினைத்தார். அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

அதன் பிறகு நடந்தவை நமக்குத் தெரிந்தவைதான். 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913-ல் ஹார்டிக்குக் கடிதம். 1914-ல் கேம்பிரிட்ஜ். அங்கே அவர் கண்டுபிடித்த ஓர் அதிசயத்தைப் புரிந்துகொள்ள, பள்ளியில் படித்த ‘நேர்மாறு’ போதும்.

நேர்மாறு என்றால் என்ன?

செய்ததைத் திருப்பி எடுப்பதுதான் நேர்மாறு. 5-ஐக் கூட்டினால், 5-ஐக் கழித்துப் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். 3-ஆல் பெருக்கினால், மூன்றில் ஒன்றால் பெருக்கித் திரும்பலாம். ஒரு எண்ணையும் அதன் பெருக்கல் நேர்மாறையும் பெருக்கினால் விடை 1.

மீதியை மட்டும் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. இன்று திங்கள் என்றால் 15 நாள் கழித்து என்ன கிழமை? 15-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே செவ்வாய். இந்தக் கணக்கில் பின்னத்துக்கு இடமில்லை, ஆனால் நேர்மாறு உண்டு. 5-ஆல் வகுக்கும்போது 2-க்கு நேர்மாறு 3. ஏனென்றால் 2 × 3 = 6, மீதி 1.

ராமானுஜன் பார்த்தது என்ன?

4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்து எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதம். 9-க்கு 30 விதம், 14-க்கு 135, 19-க்கு 490. மேக்மஹோன் என்பவர் 200 வரை இப்படிக் கணக்கிட்டுப் பட்டியல் போட்டிருந்தார். அதைப் பார்த்த ராமானுஜன், 4-ல் தொடங்கி ஐந்தைந்தாகப் போனால் விடை எப்போதும் 5-ஆல் வகுபடும் என்றார். 5-ல் தொடங்கி ஏழேழாகப் போனால் 7-ஆல் வகுபடும். 6-ல் தொடங்கிப் பதினொன்றாகப் போனால் 11-ஆல் வகுபடும்.

ஏன் 4, 5, 6-ல் தொடங்க வேண்டும்? இங்கேதான் நேர்மாறு வருகிறது.

24 × 4 = 96. 5-ஆல் வகுத்தால் மீதி 1.
24 × 5 = 120. 7-ஆல் வகுத்தால் மீதி 1.
24 × 6 = 144. 11-ஆல் வகுத்தால் மீதி 1.

மூன்றுமே 24-ன் நேர்மாறுகள். 25, 49, 121 போன்ற அடுக்குகளுக்கும் 24-ன் நேர்மாறே வழி காட்டும் என்று 1919-ல் வெளியான கட்டுரையில் ராமானுஜன் ஊகித்தார்.

ஒரே ஓர் இடறல்

7-ன் மூன்றாம் அடுக்கான 343-க்கு, 24-ன் நேர்மாறு 243. ஆனால் 243-ஐப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை 343-ஆல் வகுபடவில்லை. 1934-ல் இதைக் காட்டியவர் இன்னொரு இந்தியர், எஸ்.சௌலா. ராமானுஜனிடம் இருந்த பட்டியல் 200-லேயே முடிந்திருந்தது. 7-க்கான விதியைத் திருத்தி 1938-ல் வாட்சன் நிரூபித்தார். 11-ன் அடுக்குகளுக்கு 1967-ல் அட்கின் நிரூபணம் தந்தார். அங்கே ராமானுஜன் சொன்னது அப்படியே சரி.

நமக்கு என்ன பயன்?

இணையதளங்களின் அடையாளத்தைச் சரிபார்க்கப் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறையில் இரண்டு சாவிகள். ஒன்று எல்லோருக்கும் தெரியும், மற்றது ரகசியம். ரகசியச் சாவி, முதல் சாவியின் மீதிக் கணக்கு நேர்மாறுதான். எந்த எண்ணால் வகுத்து மீதி பார்ப்பது என்பது வெளியே தெரியாது. அதனால்தான் பூட்டு திறப்பதில்லை. ராமானுஜன் இதற்காகக் கணக்குப் போடவில்லை. ஆனால் நம்ம போனில் தினமும் உழைக்கும் கருவியும் அவர் கையிலிருந்த கருவியும் ஒன்றே.

உடல்நலம் கெட்டு 1919-ல் ஊர் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32. திருக்கோவிலூரில் அந்த கிளார்க் வேலை கிடைத்திருந்தால், இந்தக் கணக்குகள் எல்லாம் அந்த நோட்டிலேயே முடிந்துபோயிருக்கலாம்.