ரங்கூனில் தடைப்பட்ட ஆய்வு: சி.வி. ராமனும் வேதியியலுக்குக் கிடைத்த கருவியும்

இன்று யாங்கோன் என்று அழைக்கப்படும் ரங்கூனுக்கு, 1909 ஆம் ஆண்டில் நாணயத் துறை அதிகாரியாக ஒரு தமிழ் இளைஞர் மாற்றப்பட்டார். சந்திரசேகர வெங்கட ராமன் என்ற அந்த அதிகாரியே பின்னர் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆனால் அந்த இடமாற்றம் அவரது ஆய்வு வாழ்க்கைக்கு ஏற்பட்ட முதல் பெரிய தடையாகவே அமைந்தது.

1888 இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906 இல், லண்டன் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டவர். ஆயினும், அறிவியலைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அன்றைய இந்தியர்களுக்கு மிகக் குறைவு. எனவே அவர் நிதித் துறைத் தேர்வு எழுதி, 1907 இல் கல்கத்தாவில் பணியில் சேர்ந்தார். அங்கு, மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை அவர் அங்கேயே கழித்தார்.

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்ததால், இந்திய அதிகாரிகள் அங்கு அனுப்பப்படுவது வழக்கமான ஒன்றே. செட்டியார்களின் வட்டிக் கடைகளும், துறைமுகத்தில் உழைத்த தென்னிந்தியத் தொழிலாளர்களும் நிறைந்திருந்த ரங்கூனில் தமிழ் ஒலிக்காத தெருக்கள் குறைவு. ஆனால் கல்கத்தாவில் இருந்ததைப் போன்ற ஆய்வுக்கூடம் அங்கு இல்லை. ராமன் தமது இல்லத்திலேயே எளிய சோதனைகளைத் தொடர்ந்தார். தந்தையின் மறைவையொட்டி 1910 இல் சென்னை திரும்பிய அவர், பின்னர் நாகபுரிக்கு மாற்றப்பட்டார். 1911 இல் மீண்டும் கல்கத்தா வந்த பின்னரே அவரது ஆய்வுகள் வேகம் பெற்றன.

1917 இல் அஷுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, அரசுப் பதவியைத் துறந்து, ஏறத்தாழ பாதி ஊதியத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். இனி எந்த இடமாற்ற உத்தரவும் அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து பிரிக்க இயலாது என்பதே அந்த முடிவின் உட்பொருள்.

1928 பிப்ரவரி 28 அன்று, மூலக்கூறுகளால் சிதறடிக்கப்படும் ஒளியில் ஒரு சிறு பகுதி தனது அதிர்வெண்ணை மாற்றிக்கொள்கிறது என்பது அங்கு உறுதியாயிற்று. சுமார் 60 திரவங்களில் இவ்விளைவைக் கண்டதாக ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் அறிவித்தனர். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மண்டெல்ஷ்டாமும் படிகங்களில் இதே விளைவை அதே மாதத்தில் கண்டிருந்தபோதிலும், அறிக்கையை முதலில் வெளியிட்டது கல்கத்தாவே. 1930 இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கு உரிய முறையில் மதிக்கப்பட்டதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இயற்பியலில் பிறந்த இந்தக் கண்டுபிடிப்பால் பெரிதும் பயனடைந்தது வேதியியல் என்றால் மிகையாகாது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய விதத்தில் அதிர்வதால், மாறிய ஒளி அதன் கைரேகை போல அமைகிறது. 1960 இல் லேசர் வந்த பின்னர் இம்முறை பன்மடங்கு வலுப்பெற்றது.

கதிரியக்க வேதியியலாளர்களுக்கு நெடுங்காலம் சவாலாக இருந்தவை, கதிர்வீச்சு தாக்கும்போது தோன்றும் தனி உறுப்புகள். இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட இவற்றில் பல, மைக்ரோ வினாடிகளில் மறைந்துவிடும். உயிரணுக்களைக் கதிர்வீச்சு சிதைப்பதில் இவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு. இவை தோன்றியுள்ளன என்பதை அறிவதற்கு வேறு முறைகள் இருந்தன. இவற்றின் கட்டமைப்பை அறிய ராமன் விளைவு உதவியது. 1970களில் டென்மார்க்கின் ரீசோ ஆய்வுக்கூடத்திலும், பின்னர் அமெரிக்காவின் நோட்ர டேம் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்திலும், எலக்ட்ரான் துடிப்புகளால் உருவாக்கப்பட்ட குறுகிய ஆயுள் உறுப்புகளின் ராமன் நிறமாலைகள் பதிவாயின.

1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமான ராமன், தமது கண்டுபிடிப்பின் இந்தப் பயனைக் காணவில்லை. 1998 இல் அமெரிக்க வேதியியல் கழகம், ராமன் விளைவைச் சர்வதேச வேதியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அந்தச் சிறப்பில் கல்கத்தாக் கழகத்திற்கும் பங்கு உண்டு. ரங்கூனிலும் கல்கத்தாவிலும் இருந்தது ஒரே ராமன்தான். திறந்திருந்த ஓர் ஆய்வுக்கூடமே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.