கைகளைத் திறந்த கொல்லிமலைச் சிறுவன்!

குட்டீஸ்... கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். பஸ்சில் போனால் தலை சுற்றும்! மலைக்கு மேலே தேவனூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று பல நாடுகள் உண்டு. நாடு என்றதும் தனி தேசம் என்று நினைத்து விடாதீர்கள். சில சிற்றூர்கள் சேர்ந்த பகுதியைத்தான் மலை மக்கள் நாடு என்று சொல்கிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலைக்கு ரோடு கிடையாது. மின்சாரம் கிடையாது. ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள். மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து, கீழே இருந்தவர்கள் மலைக்கு வரவே தயங்கினார்கள்.

அந்த மலையில், 1914ம் ஆண்டு ஜூலை 17ம் தேதி ஒரு குழந்தை பிறந்தது. அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவெலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர்கள். குழந்தைக்குப் பால் பிராண்ட் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் உலகமே பாராட்டிய கை அறுவை சிகிச்சை நிபுணர் இவர்தான்.

மரத்தின் மேல் வகுப்பு!

பாலின் அப்பாவுக்குக் கட்டட வேலை, தச்சு வேலை இரண்டும் தெரியும். வாழவந்தியில் அவர்கள் குடியிருந்த மர வீட்டை அவரே கட்டினார். கரையான் ஏறாமல் இருக்க, வீட்டைத் தாங்கிய தூண்களின் தலையில் உலோகத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். தூண் வழியாக ஏறி வரும் கரையான் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் திரும்பி விடும். எவ்வளவு சுலபமான யோசனை பாருங்கள்!

மலை மக்களுக்கு மருந்து கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். பெரியவர்களுக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார்.

பாலுக்கும் தங்கை கோனிக்கும் அம்மாதான் டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்து படிப்பது பாலுக்கு வேப்பங்காய். எப்போதும் மரத்தில்தான் இருப்பான். அம்மா அவனை அதட்டவில்லை. மரத்தின் மேலேயே உட்கார்ந்து பாடம் எழுத விட்டு விட்டார். கணக்கை முடித்ததும் பால் அதைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான். அம்மா திருத்துவார்.

அப்பாவின் வகுப்புக்குக் கூரையே கிடையாது. காட்டுப் பாதையில் பிள்ளைகளுடன் நடப்பார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரையான் புற்றைக் காட்டுவார். மண்ணுக்குள் குழி தோண்டி, அதற்கு மூடியும் செய்து ஒளிந்திருக்கும் சிலந்தியைக் காட்டுவார். தூக்கணாங்குருவி புல்லை எப்படிப் பின்னுகிறது என்று பார்க்கச் சொல்வார். கண்ணால் பார், கையால் தொடு, பிறகு யோசி... இதுதான் அந்த வகுப்பின் பாடத் திட்டம்.

பயந்து போன நாள்

ஒரு நாள் மூன்று பேர் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூவருக்கும் தொழுநோய். விரல்கள் குட்டையாக இருந்தன. காலில் புண்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லி விட்டு, அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் புண்களுக்குக் கட்டுப் போட்டார். மற்ற நோயாளிகளிடம் வெறுங்கையால் பழகும் அப்பா, அன்று மட்டும் பயந்ததைப் பால் கவனித்தான். அம்மா ஒரு கூடையில் பழம் கொடுத்தார். அவர்கள் போன பிறகு கூடையை நெருப்பில் போட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்துக்குப் பிள்ளைகள் போகவே கூடாது என்று உத்தரவு.

அப்பா அம்மா மேல் தப்பில்லை, குட்டீஸ். அந்தக் காலத்தில் தொழுநோய்க்குச் சரியான மருந்து இல்லை. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பினார்கள். அது ஒரு பாக்டீரியாவால் வருவது, எளிதில் தொற்றாதது, மருந்தால் முழுவதும் குணமாகக் கூடியது என்று இன்று நமக்குத் தெரியும்.

புண்ணும் சீழும் ரத்தமும் பார்த்த பாலுக்கு, டாக்டர் வேலை என்றாலே குமட்டியது.

கப்பலில் வந்த கடிதங்கள்

1923ம் ஆண்டு, 9 வயதில், படிப்புக்காகப் பாலையும் கோனியையும் லண்டனுக்கு அழைத்துப் போனார்கள். உறவினர் வீட்டில் விட்டு விட்டு, அப்பாவும் அம்மாவும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு கடிதங்கள்தான். அப்பாவின் கடிதங்களில் மலையும் மரங்களும் பூச்சிகளும் வந்து கொண்டே இருந்தன.

1929ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு தந்தி வந்தது. கடுமையான காய்ச்சலில் அப்பா இறந்து விட்டார். பாலுக்கு அப்போது 15 வயது கூட நிறையவில்லை. தந்தி சீக்கிரம் வந்து விட்டது. ஆனால் அப்பா முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்து கொண்டிருந்தன. இறந்து போன அப்பாவிடமிருந்து, அதன் பிறகும் சில வாரங்கள் கடிதம் வந்தது. அந்தப் பையனின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

உளி பிடித்த கை

பள்ளிப் படிப்பில் பால் சுமார்தான். 16 வயதில் பள்ளியை விட்டு, கட்டட வேலை கற்கப் போனார். டாக்டருக்குப் படிக்க வைக்கிறோம் என்று உறவினர் சொன்னதையும் மறுத்து விட்டார். ஐந்து ஆண்டுகள் தச்சர்களிடமும் கொத்தனார்களிடமும் வேலை பழகினார். ரம்பம், உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாம் அவர் கைக்கு அடங்கின. அப்பாவைப் போல இந்தியாவுக்குப் போய் வீடு கட்ட வேண்டும், தொழில் சொல்லித் தர வேண்டும் என்பது அவர் திட்டம்.

அதற்கு முன் முதலுதவி போன்ற எளிய மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஓராண்டுப் பயிற்சிக்குப் போனார். ஒரு நாள் இரவு, விபத்தில் சிக்கிய ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். ரத்தமெல்லாம் போய், முகம் காகிதம் போல வெளுத்திருந்தது. இறந்தே விட்டாள் என்று பால் நினைத்தார். டாக்டர்கள் பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் நிறம் வந்தது. கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள்!

அந்த இரவுதான் பாலை மாற்றியது. 1937ம் ஆண்டு லண்டனில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடன் படித்த மார்கரெட்டை 1943ல் மணந்தார். உலகப் போரில் குண்டு விழுந்து காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து அறுவை சிகிச்சை கற்றார். 1946ம் ஆண்டு, ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு டாக்டராக வந்து சேர்ந்தார்.

ஒரு கைகுலுக்கல்

1947ல், செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே பலருக்கு விரல்கள் பருந்தின் கால் நகம் போல மடங்கி இருந்தன. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியாது. பென்சில் பிடிக்க முடியாது. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் விழுந்து விடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்பது அன்று எல்லாரும் நம்பிய விஷயம்.

பால் ஒரு நோயாளியின் மடங்கிய கையைப் பிடித்து, தன் கையை அழுத்தச் சொன்னார். அடுத்த நொடி வலியில் துடித்து விட்டார். அவ்வளவு பலமான பிடி! செத்துப் போனது என்று எல்லாரும் நினைத்த கைக்குள் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

ஆயிரக்கணக்கான கைகளைச் சோதித்தார். ஒரு விஷயம் தெளிவானது. நோய், கையில் உள்ள எல்லாத் தசைகளையும் முடக்குவதில்லை. சில நரம்புகளை மட்டும்தான் கெடுக்கிறது. முன்கையில் இருக்கும் சில தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன.

இங்கேதான் தச்சர் பால் உள்ளே வந்தார். தசையையும் விரல் எலும்பையும் இணைப்பது தசைநாண். கயிறு மாதிரி. தசை இழுத்தால் கயிறு இழுபடும், விரல் அசையும். ஒரு கயிறு வேலை செய்யாவிட்டால், நன்றாக வேலை செய்யும் இன்னொரு கயிற்றை எடுத்து அந்த இடத்தில் கட்டினால் என்ன? போலியோவால் முடங்கிய கைகளுக்குச் சில டாக்டர்கள் இப்படிச் செய்திருந்தார்கள். தொழுநோயாளிகளுக்கு யாரும் துணிந்ததில்லை. பால் துணிந்தார். முதலில் மிகவும் கெட்டுப் போன ஒரு கையில் செய்தார். பல மாதம் பயிற்சிக்குப் பின், மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன!

பொம்மை செய்த விரல்கள்

ஆனால் பிரச்னை தீரவில்லை, குட்டீஸ். கை சரியானவர்கள் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். முன்பு பிச்சையாவது கிடைத்தது. இப்போது கை நன்றாக இருப்பதால் அதுவும் கிடைக்கவில்லை. தொழுநோய் வந்தவர் என்று வேலையும் யாரும் கொடுக்கவில்லை.

கையைத் திறந்து விட்டால் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று பால் புரிந்து கொண்டார். வேலூரில் சின்னச் சின்னக் குடிசைகளுடன் புதுவாழ்வு மையம் ஒன்றை ஏற்படுத்தினார். அதற்குள் ஒரு தச்சுப் பட்டறை. லண்டனில் ஐந்து ஆண்டுகள் உளி பிடித்தது வீணாகவில்லை. டாக்டரே வாத்தியாராகி, தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார். என்ன செய்தார்கள் தெரியுமா? மரப் பொம்மைகள்! சோறு அள்ள முடியாமல் இருந்த விரல்கள், குழந்தைகள் விளையாட வண்ணப் பொம்மைகள் செய்தன.

அந்தப் பட்டறை பாலுக்கும் ஒரு பாடம் கற்றுத் தந்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்கவில்லை. பால் முயன்று பார்த்து விட்டு விட்டார். ஒரு சிறுவன் வந்து சட்டென்று திறந்தான். ஆச்சரியத்தோடு அவன் கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. தொழுநோய் அவன் கையில் வலி உணர்வை அழித்து விட்டிருந்தது.

அப்படியானால் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை! சூடான பாத்திரத்தைத் தொடுகிறார்கள், சுத்தியலை அளவுக்கு மீறி அழுத்திப் பிடிக்கிறார்கள், வலிக்காததால் விடுவதில்லை. புண் மேல் புண்ணாகி விரல் தேய்கிறது. சிலருக்கு இரவில் விரல் காணாமல் போனது. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது... எலிகள்! தூங்கும்போது எலி கடித்தாலும் அவர்களுக்கு வலிக்கவில்லை. அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள் தெரியுமா? பூனை! வீட்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு பூனையையும் கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து பட்டறையில் கருவிகளின் பிடியை மாற்றினார்கள். தினமும் கை, கால்களைச் சோதித்துப் பார்ப்பது வழக்கமானது. வலி நமக்கு எதிரி அல்ல, காவல்காரன் என்று பால் உலகத்துக்கே எடுத்துச் சொன்னார்.

டாக்டர் மார்கரெட், தொழுநோயாளிகளின் கண் பார்வையைக் காப்பதில் நிபுணர் ஆனார். 1960ல் பாலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 1966ல் அமெரிக்கா சென்று, அங்கும் தொழுநோயாளிகளுக்காக உழைத்தார். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்றவும் அவர் ஆராய்ச்சி உதவியது. 2003ம் ஆண்டு ஜூலை 8ம் தேதி சியாட்டில் நகரில், தம் 88வது வயதில் காலமானார்.

அம்மா எவெலின் என்ன ஆனார்? வயதான பிறகும் மலையை விட்டுப் போக மனமில்லாமல், மட்டக் குதிரை மேல் ஏறி மலை ஊர்களுக்குப் போய் மருந்து கொடுத்தார். 95 வயது வரை வாழ்ந்து 1974ல் மறைந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரும் உறங்குகிறார்.

நீங்களும் செய்து பாருங்கள்!

டாக்டர் பால் செய்ததை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்.

தேவை: பழைய நோட்டு அட்டை, காகிதம், தடித்த நூல், பசை, கத்தரிக்கோல்.

1. அட்டையில் உங்கள் கையை வைத்து, மணிக்கட்டு வரை வரைந்து வெட்டுங்கள்.

2. ஒவ்வொரு விரலையும் உங்கள் விரல் மடங்கும் இடங்களில் மடித்து விடுங்கள்.

3. காகிதத்தைப் பென்சிலில் சுற்றி ஒட்டி, குழாய் செய்யுங்கள். காய்ந்ததும் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். மடிப்புக்கு மடிப்பு இடையிலும், உள்ளங்கையிலும் ஒவ்வொரு துண்டை ஒட்டுங்கள். மடிப்பின் மேல் ஒட்டக் கூடாது.

4. விரல் நுனியில் நூலை ஒட்டி, குழாய்கள் வழியாக மணிக்கட்டு வரை கொண்டு வாருங்கள். ஐந்து விரலுக்கும் ஐந்து நூல்.

நூலை இழுங்கள். விரல் மடங்குகிறதா? அதுதான் தசைநாண்!

இப்போது ஆட்காட்டி விரலின் நூலை மணிக்கட்டுப் பக்கம் வெட்டி விடுங்கள். எதை இழுத்தாலும் அந்த விரல் அசையாது. வெட்டிய நுனியைப் பக்கத்து விரலின் நூலோடு முடிச்சுப் போட்டு, அந்த நூலை இழுத்துப் பாருங்கள். அசையாமல் கிடந்த விரல் மெல்ல எழுந்து மடங்கும்.

கொல்லிமலையில் மரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்ட அந்தப் பையன், பல ஆண்டுகளுக்குப் பின் வேலூரில் போட்டது இதே முடிச்சைத்தான்!