யார் இந்த நாயுடம்மா? ஆம்பூர் தோலுக்கும் பாலாற்று உப்புக்கும் நடுவே ஒரு விஞ்ஞானி

பெயரைக் கேட்டதும் பெண் என்றுதான் பலரும் நினைப்பாங்க. ஆனால் எலவர்த்தி நாயுடம்மா ஓர் ஆண். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிலின் போக்கை மாற்றியவர்களில் முக்கியமானவர்.

எங்கிருந்து வந்தார்?

1922 செப்டம்பர் 10-ல் ஆந்திராவின் தெனாலி அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காசி இந்து பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் படிப்பு. பிறகு அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். தோல் வேலை என்றாலே முகம் சுளித்த காலத்தில், அதையே ஆராய்ச்சித் துறையாக எடுத்துக்கொண்டார். 1958-ல் சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். 1971 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

என்ன செய்தார்?

அப்போது நம்ம ஊர் தோல், ஆவாரம்பட்டை போன்றவற்றால் பாதி பதனிட்ட நிலையிலேயே கப்பலேறியது. ஷூ செய்து லாபம் பார்த்தது வெளிநாடு. அந்த வேலை இங்கேயே முடியணும் என்பதில் நாயுடம்மா உறுதியாக இருந்தார். ஆய்வகத்தில் கண்டுபிடித்ததைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். 1970-களில் அரசும் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட, ஆம்பூர் ஷூ தயாரிக்கும் ஊரானது.

சரி, உப்பு எங்கே வந்தது?

உரித்த தோல் சில மணி நேரத்திலேயே அழுக ஆரம்பிக்கும். உப்பு போட்டால் ஈரம் வெளியேறும், கிருமி வளராது. 100 கிலோ பச்சைத் தோலுக்குச் சுமார் 40 கிலோ உப்பு தேவை. பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவித்தான் ஆகணும்.

உப்பின் எடையில் 60 சதவீதம் குளோரின். பற்பசையில் இருக்கும் ஃபுளோரின், சமையல் உப்பில் சேர்க்கும் அயோடின், இதெல்லாம் ஒரே ஹாலஜன் குடும்பம். இவற்றின் அணுவில் வெளிச்சுற்றில் ஒரு எலக்ட்ரான் குறைவு. அதைப் பிடுங்கத் துடிப்பதால்தான் பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்கிறது. சோடியத்திடம் அந்த எலக்ட்ரான் கிடைத்ததும் குளோரின், குளோரைடாக அடங்கிவிடும்.

பிரச்சினையே அங்கதான். கழிவுநீரில் சுண்ணாம்பு போட்டால் குரோமியம் அடியில் படியும். குளோரைடு படியாது; தண்ணீரோடு கரைந்தே போகும். அப்படித்தான் பாலாற்றங்கரைக் கிணறுகளும் வயல்களும் உப்பேறின.

பிறகு?

நாயுடம்மா 1971-ல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு, நாட்டின் அறிவியல் ஆய்வகங்களை நடத்தும் சிஎஸ்ஐஆர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1985 ஜூன் 23-ல் கனடாவிலிருந்து திரும்பியபோது ஏர் இந்தியா கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் சிதறியது. உயிரிழந்த 329 பேரில் அவரும் ஒருவர்.

1996-ல், வேலூர் மக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். ஆனால் பிரித்த உப்பு மலைபோல் குவிகிறது. அவர் வளர்த்த நிறுவனம் இப்போது தோலுக்கு உப்பைக் குறைக்கும் வழிகளை ஆராய்கிறது. வேலை கொடுத்த தொழில் ஊர்த் தண்ணீரையும் காப்பாற்றுமா என்பது அதில்தான் இருக்கு.