துப்பறியும் கதையை ஒரு பெண் எழுதலாமா? 115 நாவல்களால் பதில் சொன்ன வை.மு.கோதைநாயகி அம்மாள்

பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. ஐந்தரை வயதில் கல்யாணம். முதல் படைப்பைச் சொல்லும்போது அதைத் தானே எழுதும் அளவுக்கு எழுத்துப் பழக்கம்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு 35 ஆண்டுகள் ஒரு மாத இதழின் ஆசிரியர், 115 நாவல்கள், சுதந்திரப் போராட்டத்தில் சிறைவாசம், சினிமாவாக வந்த கதைகள். இத்தனையும் ஒரே பெண்ணின் வாழ்க்கை.

பெயர் வை.மு.கோதைநாயகி அம்மாள். சுருக்கமாக வை.மு.கோ. 'நாவல் ராணி' என்று அழைக்கப்பட்ட இவருடைய பெயர் இன்றைய இளைய வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏன் இப்படி ஆச்சு? விரிவாகப் பார்ப்போம்.

நீர்வளூர் டு திருவல்லிக்கேணி

இன்றைக்கு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று தனித்தனியாக இருக்கும் மாவட்டங்கள் எல்லாம் அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு மாவட்டம். கடற்கரையில் டச்சுக் கோட்டை இருக்கும் சதுரங்கப்பட்டினமும் அதில்தான், உள்ளே தள்ளி காஞ்சிபுரம் பக்கம் இருக்கும் நீர்வளூரும் அதில்தான். அந்த நீர்வளூரைச் சேர்ந்த குடும்பத்தில் 1901 டிசம்பர் 1-ம் தேதி பிறந்தவர் கோதைநாயகி. சின்ன வயதிலேயே தாயை இழந்தார். உறவினர்கள்தான் வளர்த்தார்கள்.

1907-ல் திருமணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு வயது 9. குழந்தைத் திருமணம் சர்வசாதாரணமாக நடந்த காலம் அது. பெயருக்கு முன்னால் இருக்கும் 'வை.மு.' கணவர் குடும்பத்தின் பெயர்: வைத்தமாநிதி முடும்பை. புகுந்த வீடு சென்னை திருவல்லிக்கேணி.

பள்ளிக்குப் போகாவிட்டாலும் காது திறந்தே இருந்தது. வீட்டுப் பெரியவர்களிடம் பாசுரங்களும் பழைய இலக்கியங்களும் கேட்டுக் கேட்டே மனப்பாடம். மாமியாரிடம் தெலுங்கு கற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை உட்கார வைத்து, புதுசு புதுசாகக் கதை கட்டிச் சொல்வது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கணவருக்கு நாடகம் என்றால் உயிர். மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். மனைவிகளை வெளியே அழைத்துப் போவதே பேச்சாகிவிடும் ஒரு காலத்தில், இந்த நாடக ராத்திரிகள்தான் கோதைநாயகிக்குக் கல்லூரி.

அவர் சொல்ல, தோழி எழுத...

நாடகம் பார்த்துப் பார்த்து, நாமும் ஒன்று செய்யலாமே என்று தோன்றியது. ஆனால் சரளமாக எழுத வராது. என்ன செய்வது? தோழி பட்டம்மாள் உதவிக்கு வந்தார். இவர் வாயால் சொல்லச் சொல்ல, அவர் காகிதத்தில் எழுதினார். அப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' நாடகம். 1924-ல் அச்சில் வந்தது. பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டார் கோதைநாயகி.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 1921 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 2 பேர்தான். அந்த 98 பேர் பக்கத்தில் இருந்து ஒருத்தர் கிளம்பி வந்து எழுத்தாளர் ஆகிறார். இதுதான் இந்தக் கதையின் முதல் ஆச்சரியம்.

துப்பறியும் கதை ஆண்கள் ஏரியாவா?

அடுத்த ஆண்டே, 1925-ல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாத இதழை வாங்கி நடத்தத் தொடங்கினார். அதில் தொடராக வந்தது அவருடைய 'வைதேகி'. தமிழில் ஒரு பெண் எழுதிய முதல் துப்பறியும் நாவல் என்று இது குறிப்பிடப்படுகிறது.

அன்றைக்குத் தமிழில் மர்மக் கதை என்றால் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு ஆகிய மூன்று பெயர்கள்தான் முன்னால் நிற்கும். ஆங்கில நாவல்களைத் தழுவி, கொலை, ஆள்மாறாட்டம், ரகசிய அறை என்று வாசகர்களைக் கட்டிப்போட்டவர்கள். பெண் எழுத வேண்டும் என்றால் பக்திப் பாட்டு, சமையல் குறிப்பு, குடும்பத்துக்கு நல்லுரை. இதுதான் எழுதப்படாத சட்டம்.

அது மட்டுமா? நாவல் படித்தாலே பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று நம்பிய பெரியவர்கள் ஏராளம். படிப்பதே தப்பு என்றால், எழுதுவது? அதுவும் கள்வர்களையும் சதிகாரர்களையும் பற்றி? ஆசாரமான குடும்பத்துப் பெண் இப்படிச் செய்வதா என்று ஏச்சும் பேச்சும் வந்தன. கணவர் பக்கபலமாக நின்றார். கோதைநாயகி நிறுத்தவில்லை.

பெயரை மறைக்காத துணிச்சல்

உலகம் முழுக்க இந்தப் பிரச்னையைப் பெண் எழுத்தாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? பெயரை மறைத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிராண்டி சகோதரிகள் ஆண்பெயர் போலத் தோன்றும் புனைபெயர்களில் எழுதினார்கள். அமெரிக்காவில் அறிவியல் புனைகதை எழுதிய ஆலிஸ் ஷெல்டன், ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் பல ஆண்டுகள் இருந்தார். இந்த எழுத்து நிச்சயம் ஓர் ஆணுடையதுதான் என்று ஒரு பிரபல எழுத்தாளரே முன்னுரையில் வாதிட்டார். உண்மை வெளியே வந்தபோது அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? 1997-ல்கூட இதே கதைதான். ஹாரி பாட்டர் முதல் புத்தகம் வந்தபோது, பெண் பெயரைப் பார்த்தால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று பதிப்பகம் பயந்ததால், ஜோன் ரௌலிங் வெறும் 'ஜே.கே.' ஆனார்.

மாயாஜாலம், மர்மம், அறிவியல் கற்பனை. இந்த மூன்றும் ஆண்கள் சங்கதி என்ற எண்ணம் வாசகர்கள் மனதில் அவ்வளவு ஆழம்.

வை.மு.கோ. என்ன செய்தார்? முதலெழுத்துகள் இவருக்கும் இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒளியவில்லை. 'கோதைநாயகி அம்மாள்' என்று முழுப் பெயரையும் போட்டார். அந்த 'அம்மாள்' என்ற ஒரு சொல் போதும், எழுதியது பெண் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

தமிழில் பின்னாளில் நடந்தது இன்னும் வேடிக்கை. துப்பறியும் கதையிலும் அறிவியல் கதையிலும் கொடிகட்டிப் பறந்த ரங்கராஜன் தன் மனைவியின் பெயரான 'சுஜாதா'வில் எழுதினார். வேணுகோபாலன் 'புஷ்பா தங்கதுரை' ஆனார். ஓர் ஆண் பெண் பெயரில் எழுதினால் வாசகருக்கு அது சுவாரஸ்யம். ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் எழுதினால் மட்டும் ஏன் சங்கடம்?

சென்னையில் அச்சான பெண்கள் நாடு

வை.மு.கோ. எழுத வருவதற்கு 20 ஆண்டுகள் முன்பே சென்னையில் இன்னொரு சம்பவம். கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கில மகளிர் இதழில் 1905-ல் ஒரு கற்பனைக் கதை வெளியானது. எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன். கதையின் பெயர் 'சுல்தானாவின் கனவு'.

அந்தக் கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள், நாட்டைப் பெண்கள் ஆளுகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல், வானில் பறக்கும் வண்டி, மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் பலூன். 1905-ல்! இந்தியாவில் ஒரு பெண் எழுதிய மிக முக்கியமான ஆரம்பகால அறிவியல் புனைகதையை முதலில் அச்சில் பார்த்த ஊர் நம்ம சென்னைதான். கற்பனைக் கதை பெண்களுக்கு வராது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு தகவலே போதும்.

காதிக்கு மாறியவர், சிறைக்கும் போனவர்

1925-ல் காந்தி சென்னை வந்தபோது அவரைச் சந்தித்தார் கோதைநாயகி. அதன் பிறகு பட்டும் நகையும் போச்சு, கதர் வந்தது. காங்கிரஸ் மேடைகளில் பேசினார், பாடினார். நல்ல குரல் அவருக்கு. பின்னாளில் பெரிய இசைக் கலைஞராக உயர்ந்த டி.கே.பட்டம்மாளை இளம் வயதிலேயே ஊக்குவித்தவர்களில் இவரும் ஒருவர்.

1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி எதிர்ப்புப் போராட்டங்களில் இறங்கினார். கைது, சிறை. சிறையிலும் பேனா நிற்கவில்லை. அவர் உள்ளே இருந்த நாட்களில் இதழைக் கவனித்துக்கொண்டவர் கணவர் பார்த்தசாரதி.

இந்த அனுபவம் எல்லாம் கதைக்குள்ளும் வந்தது. மர்ம முடிச்சோடு சேர்த்து விதவை மறுமணம், பெண் கல்வி, வரதட்சிணைக் கொடுமை, மதுவிலக்கு என்று பேசினார். வாசகர் அடுத்து என்ன ஆகும் என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போவார், நடுவில் இந்த விஷயங்களும் மனசுக்குள் போய்விடும். நேராக உபதேசம் செய்தால் கேட்காத வீட்டில், கதை உள்ளே நுழைந்துவிடும் இல்லையா? திருவல்லிக்கேணியில் அச்சாகும் இதழ் தபாலில் வெளியூர் போகும். எழுத்துத் தெரிந்த ஒருத்தர் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதும் அன்றைய வழக்கம்தான்.

சினிமாவிலும் வை.மு.கோ.

'ராஜ மோகன்' 1937-ல் படமானது. 1938-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் 'அனாதைப் பெண்' நாவலைப் படமாக்கியது. இவற்றை விட இன்றைக்கும் பலருக்குத் தெரிந்த படம் ஒன்று உண்டு. 1966-ல் பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர்.ராதா நடிப்பில் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'சித்தி'. அதன் மூலக்கதை வை.மு.கோ.வின் 'தயாநிதி' நாவல். அடுத்த ஆண்டே 'ஔரத்' என்ற பெயரில் இந்திக்கும் போனது. படத்தை டிவியில் பார்த்துக் கண்கலங்கியவர்களில் எத்தனை பேர் கதாசிரியர் பெயரைக் கவனித்திருப்பார்கள்?

கடைசி நாட்கள்

காந்தி மறைவுக்குப் பிறகு திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணி செய்தார். தேசப்பணிக்காக அரசு கொடுத்த 10 ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

1956-ல் வந்தது பெரிய அடி. மகன் சீனிவாசன் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து அவர் மீளவே இல்லை. காசநோயும் சேர்ந்துகொண்டது. தாம்பரம் காசநோய் சானடோரியத்தில் 1960 பிப்ரவரி 20-ம் தேதி, 58 வயதில் காலமானார். நீர்வளூரும் தாம்பரமும் அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். தொடங்கிய மாவட்டத்திலேயே அந்த வாழ்க்கை முடிந்தது. ஜகன்மோகினியும் அவரோடு அடங்கிப்போனது.

ஏன் மறந்தோம்?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஆண்-பெண் பாகுபாட்டின் மேல் போட முடியாது. வை.மு.கோ. வேகமாக எழுதியவர். தற்செயல் திருப்பங்களும் நீதி போதனையும் அவர் நாவல்களில் அதிகம். தீவிர இலக்கியவாதிகள் மர்ம நாவல் எழுதிய ஆண்களையும் மதிக்கவில்லை. வடுவூராரும் ரங்கராஜுவும்கூட இன்றைக்கு அதிகம் படிக்கப்படுவதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாறு என்று யாராவது பேச ஆரம்பித்தால் அந்த மூன்று ஆண்களின் பெயர் தானாக வந்துவிடும். கோதைநாயகி பெயரை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கு. இரண்டு பூட்டு போட்ட கதவு மாதிரி இது. முதலில், பெண்ணால் மர்மக் கதை எழுத முடியாது என்றார்கள். அவர் எழுதிக் காட்டியதும், அது பெண்கள் படிக்கிற கதைதானே என்று ஒதுக்கினார்கள். முதல் பூட்டை அவரே உடைத்துவிட்டார். இரண்டாவது பூட்டுக்கான சாவி அவரிடம் இல்லை, வாசகர்களிடம்தான் இருக்கு.

அடுத்த முறை ஒரு த்ரில்லரோ, ஃபேன்டசி நாவலோ கையில் எடுக்கும்போது அட்டையில் பெண் பெயரைப் பார்த்து ஒரு நொடி தயங்கினால், 1925-ல் திருவல்லிக்கேணியில் 'அம்மாள்' என்று முழுசாகப் பெயர் போட்டு மர்மத் தொடர் எழுதிய அந்த 23 வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.